இவெதாவின் அறையில் ஈரம்

பிர்னோ,
20 நவம்பர் 1983

அன்புள்ள ரோஸ்தா,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், முக்கியமாக அந்த வலது முழங்கால்.

சிரியாவிலிருந்து நீ போட்ட இரண்டு கடிதங்களும் முன்பின்னாக மாறி ஒரே நாளில் வந்தன. பிந்தியதை முதலில் படித்துவிட்டேன். எது வெடித்தது, யாருக்குக் கையில் காயம் என்று ஒன்றும் புரியாமல் அரை நாள் தவித்தேன். முந்தியதைப் படித்த பிறகுதான் வெடித்தது உங்கள் மின்நிலையத்து விசையாழி இல்லை, முகாம் சமையல்காரனின் அடுப்பு என்று தெரிந்தது. இனிமேல் உறையின் மூலையில் எண் போட்டு அனுப்பு.

இங்கே குளிர் சீக்கிரமே வந்துவிட்டது. ரேடியேட்டரில் வெந்நீர் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் புது மேற்பார்வையாளர் வந்திருக்கிறார். உருளைக்கிழங்குத் தோல் எவ்வளவு தடிமனாகச் சீவுகிறோம் என்று குனிந்து பார்க்கிறார். கீழ்வீட்டு மலினோவாவுக்கு அவள் கணவனிடமிருந்து வாராவாரம் கடிதம் வருகிறதாம். உங்கள் முகாமில் யார் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீயும் அவனும் ஒரே அறையில்தானே இருக்கிறீர்கள்? அவன் பேச்சை அதிகம் காதில் வாங்காதே.

செடிகளைப் பற்றி முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன்.

நீ சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். செப்டம்பரோடு தண்ணீரை நிறுத்தினேன். சின்ன அறையின் ரேடியேட்டரை அடைத்தேன். கள்ளிகள் மேல்தட்டில், கூழாங்கல் செடிகள் சன்னலோரம், நீ விதைபோட்டு முளைக்கவைத்த குட்டிகள் தகரத் தட்டில். ஒன்றையும் இடம் மாற்றவில்லை. ஆனால் ஈரமானியின் முள் தாண்டக்கூடாது என்று நீ சிவப்புக் கோடு போட்டாயே, அதை எப்போதோ தாண்டிவிட்டது. எழுபதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. விரலால் தட்டினால் லேசாக ஆடிவிட்டு மறுபடி அங்கேயே போய் நிற்கிறது. முதலில் கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். காலையில் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து பலகையில் தேங்கியிருப்பதைப் பார்த்ததும் அந்தச் சமாதானமும் போய்விட்டது. துண்டால் துடைக்கிறேன், பிழிகிறேன், வேலைக்கு ஓடுகிறேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடி ஈரம். இந்தப் பத்தியை எழுதும்போதே எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கூழாங்கல் செடிகளில் இரண்டு போய்விட்டன. கல் மாதிரி இருந்தவை; தொட்டால் திராட்சைப் பழம் போல விரலில் நசுங்கின. வட்டக் கள்ளி ஒன்றில் அடியில் பழுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. வெட்டலாமா, காத்திருக்கலாமா? சன்னலைத் திறந்து வைக்கலாம் என்றால் வெளியே பனிமூட்டம். அந்த ஈரமும் உள்ளே வந்துவிடுமே என்று பயந்து மூடிவிடுகிறேன். தட்டில் உப்பைக் கொட்டி வைத்தேன், ஈரத்தை இழுக்கும் என்று யாரோ சொன்னார்கள். உப்பு கரைந்து தண்ணீராக நிற்கிறது.

உன் கள்ளிச் சங்கத்து ஹோமோல்கா போன சனிக்கிழமை வந்தார். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். நான் கூப்பிடவில்லை, ட்ராமில் பார்த்தவர் கூடவே வந்துவிட்டார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். “என்ன அம்மணி, இங்க கள்ளி வளக்கிறீங்களா, சலவைக்கடை நடத்துறீங்களா?” என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “ரோஸ்தா இதப் பாத்தான்னா அங்கேர்ந்து நடந்தே வந்துடுவான். எல்லாத்தையும் என் கண்ணாடிக் கொட்டகைக்கு அனுப்புங்க” என்றார். நீ எதைக் கொடுத்தாலும் கொடுப்பாய், அவர் கையில் ஒரு முள்ளைக்கூடக் கொடுக்கமாட்டாய் என்று நினைவு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

துவைக்க வேண்டிய துணி இந்த வருஷம் கொஞ்சம் அதிகம். அதனால் இருக்கலாம். கீழே பொது உலர்த்தும் அறைக்கு நான் போவதில்லை. அங்கே எப்போதும் மலினோவா இருக்கிறாள்.

என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுது. செடிகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் எழுது. நீ நன்றாகச் சாப்பிட்டுக் கோபப்படாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும்.

உன் லிபுஷே


பிர்னோ,
17 டிசம்பர் 1983

அன்புள்ள ரோஸ்தா,

இதை நீ உட்கார்ந்து படி. மலினோவாவின் கணவன் மலினா பக்கத்தில் இருந்தால் வெளியே போய்ப் படி. அவன் மனைவியின் கடிதம் இதை முந்தியும் வந்திருக்கலாம். அவள் எதை எழுதியிருந்தாலும் முழுவதையும் நான் சொல்ல வேண்டும்.

உன் பதில் நேற்று வந்தது. வெளியே பனி கொட்டினாலும் அந்தக் காற்றில் ஈரம் குறைவு, உள்ளே வந்து சூடானதும் அது வறண்ட காற்றுதான், பயப்படாமல் சன்னலை அகலத் திறந்து கொஞ்ச நேரத்தில் மூடு என்று எழுதியிருந்தாய். செய்தேன், முள் இறங்கியது. சமையலறையின் சூடான ஈரக் காற்று ஓடிப்போய்க் குளிர்ந்த அறையில்தான் தண்ணீராக இறங்கும், கதவை மூடி அடியில் கம்பளியைத் திணி என்றாய். அதையும் செய்தேன். பழுப்பு வட்டத்தைச் சுத்தமான சதை தெரியும்வரை வெட்டிக் கரித்தூள் தடவச் சொன்னாய். காய்கறிக் கத்தியால் வெட்டினேன்.

ஆனால் அதற்கப்புறம் நீ கேட்ட கேள்வி? ‘ஒரு பெண்பிள்ளை தனியாக மூச்சுவிட்டு, தனியாகச் சூப் வைத்து, தனியாகக் குளித்து ஒரு வீட்டை இவ்வளவு ஈரமாக்க முடியாது. ஹோமோல்கா என் குளியல் தொட்டியில்தான் குளிக்கிறானா?’ படித்ததும் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் நீ போட்ட கணக்கு சரிதான். நான் தனியாக இல்லை.

இவெதா வந்திருக்கிறாள். நீ கிளம்பிப் போன மாதமே வந்துவிட்டாள். அவளோடு அவள் குழந்தையும். பெண் குழந்தை, யோஹான்கா. நமக்கு ஒரு பேத்தி இருப்பது கதவைத் திறந்தபோதுதான் எனக்கும் தெரிந்தது.

அந்த மிலோஷ் அவளை அடித்தானோ என்று நீ முஷ்டியை மடக்க வேண்டாம். அடிக்கவில்லை. இசைக்குழுவோடு ஊர் ஊராகப் போனவன், கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவ்வளவுதான். இவள் ஒரு பையையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ரயிலேறி வந்து வாசலில் நின்று, “அப்பா இருக்காரா?” என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றதும்தான் உள்ளே கால் வைத்தாள்.

‘அந்தக் கூத்தாடியோட போறேன்னா இந்த வாசப்படி ஏறாதே’ என்று நீ சொன்னதை அவள் மறக்கவில்லை. கடைசித் தேர்வுக்கு முன்னால் படிப்பை விட்டுவிட்டுப் போனாளே என்று உனக்கு வயிறெரிந்தது. எனக்கும்தான். ஆனால் அவள் போன மாதமே அவள் கட்டிலைப் பிரித்து நிலவறையில் போட்டுவிட்டு, அந்த அறையில் நீ தட்டுகள் அடித்தாய். ஆணி எடுத்துக் கொடுத்தது நான். வந்த அன்று அவள் அந்தக் கதவைத் திறந்தாள். வரிசை வரிசையாகக் கள்ளி. பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள். “நல்லா வெயில் வர்ற ரூம்தான்” என்றாள். அதற்கப்புறம் நாங்கள் மூவரும் பெரிய அறையில்தான் படுக்கிறோம்.

ஈரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். தினமும் ஒரு அண்டா குழந்தைத் துணி கொதிக்கிறது. கீழே உலர்த்தும் அறையில் காயப்போட்டால் மலினோவா பார்ப்பாள், பத்தே நாளில் உனக்குத் தெரிந்துவிடும். நானே நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று சமையலறையிலும் குளியலறையிலும் கொடி கட்டி வீட்டுக்குள்ளேயே காயவைத்தேன். குழந்தை அழும்போது வானொலியைச் சத்தமாக வைத்தேன். ஹோமோல்கா வந்த அன்று இவெதா குழந்தையோடு பெரிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருநாள் மலினோவா மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டு, “உங்க ரேடியோவுக்குப் பல்லு மொளைக்குது போலிருக்கே!” என்றாள். அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். ஒவ்வொரு ஞாயிறும் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவேன். பிறகு எழுந்துபோய் ஈரமானியைப் பார்ப்பேன்.

மிக்குலாஷ் திருநாள் சாயங்காலம் எல்லாம் வெளிப்பட்டுவிட்டது. ஹோமோல்கா வழக்கம்போல மிக்குலாஷ் வேஷத்தில், பஞ்சுத் தாடியும் பிஷப் தொப்பியுமாக, கூட ஒரு தேவதை, ஒரு பிசாசோடு நம் கட்டடத்துக் குழந்தைகளுக்கு ஆப்பிள் கொடுக்க வந்திருந்தார். அதே நேரத்தில் யோஹான்காவுக்கு இருமல் வந்தது. அந்தச் சத்தத்தை உனக்கு எப்படிச் சொல்வது? நாய்க்குட்டி குரைப்பது போல ஒரு இருமல், அதற்கப்புறம் மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம். கழுத்துக்குழி உள்ளே ஒடுங்குகிறது. இவெதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிப்படிக்கு ஓடி, “யாராவது வாங்களேன்! மூச்சு விடமாட்டேங்குது!” என்று கத்தினாள். எல்லாக் கதவுகளும் திறந்தன.

ஹோமோல்கா ஆப்பிள் மூட்டையைப் பிசாசின் கையில் திணித்துவிட்டு, அங்கி தடுக்கத் தடுக்க அடுத்த வாசலுக்கு ஓடி டாக்டர் வாவ்ரோவாவைக் கையோடு அழைத்து வந்தார். டாக்டர் வந்த வேகத்தில் சன்னலைத் திறந்து குழந்தையைக் குளிர்காற்றில் பிடித்தார். பிறகு ரேடியேட்டர் மேலெல்லாம் ஈரத்துணி போடச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கீச்சுச் சத்தம் தணிந்தது. பிசாசு வேஷம் போட்டவன் முகத்துக் கரி கன்னத்தில் வழிய ஒரு மூலையில் அழுதுகொண்டிருந்தான். மலினோவா கேட்காமலே தேநீர் போட்டாள். அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு அன்றைக்குப் பாதி போய்விட்டது.

டாக்டர் போகும்போது வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “இது குரல்வளை வீக்கம். இந்தக் குளிர்காலம் பூரா திரும்பத் திரும்ப வரலாம். குழந்தை படுக்கிற ரூம்ல காத்து வறண்டு போகவே கூடாது. சமையல் புகையும் படக் கூடாது. கதவு மூடுற மாதிரி தனி ரூம் ஒண்ணு வேணும்” என்றார். சின்ன அறையைத் திறந்து பார்த்தார். “இது யாரு ரூம்?” என்று கேட்டார். இவெதா குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள்.

அன்றிலிருந்து துணியெல்லாம் கீழே உலர்த்தும் அறைக்குத்தான் போகிறது. இனி யாருக்கு ஒளிக்க? ஆனால் பெரிய அறையில் ஈரத்துணி தொங்குகிறது, பாத்திரத்தில் தண்ணீர் ஆவியாகிறது. அங்கே ஈரம் வேண்டும், இங்கே ஈரம் வேண்டாம். நான் நடுவில் கம்பளியைத் திணித்துக்கொண்டும் எடுத்துக்கொண்டும் திரிகிறேன். இந்தப் பக்கம் குழந்தையின் மூச்சைக் கேட்கிறேன், அந்தப் பக்கம் போய்ச் செடிகளைத் தொட்டுப் பார்க்கிறேன். பள்ளியில் நேற்று ஒரே சூப்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டேன்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. இவெதா வாங்கிப் படித்தாள். “செடி சாவுதுன்னு கவலப்படுறார். நான் இருக்கேனா செத்தேனான்னு ஒரு வரி கேட்டிருக்காராம்மா?” என்றாள். உனக்கு அவள் இங்கே இருப்பதே தெரியாதே என்றேன். “தெரிஞ்சிருந்தா மட்டும்?” என்றாள். நான் அடுப்பை அணைக்கப் போய்த் திரும்புவதற்குள் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினேன், ரோஸ்தா. ட்ராம் நிறுத்தத்தில் பிடித்தேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. “அந்த ரூம்ல இப்ப அதுங்கதான் குடியிருக்கு. அதுங்க ஈரம் தாங்காது. என் பொண்ணு வறட்சி தாங்காது. யாராவது ஒருத்தர் போய்த்தானே ஆகணும்?” என்றாள். ட்ராம் வந்தது. நான் அவள் கையை விடவில்லை. ட்ராம் போய்விட்டது.

நாளைக்குச் செடிகளை ஹோமோல்காவின் கொட்டகைக்குக் கொண்டுபோகிறேன். உன் பதில் வர மூன்று வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் தொண்டை காத்திருக்காது. இது உன்னிடம் அனுமதி கேட்டு எழுதும் கடிதம் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ இல்லாத மேஜைதான். எங்கே இருந்தாலும் அன்றைக்கு உனக்குச் சூடாக ஏதாவது கிடைக்கட்டும்.

லிபுஷே


பிர்னோ,
19 பிப்ரவரி 1984

அன்புள்ள ரோஸ்தா,

உன்னிடமிருந்து ஒன்றும் வராத வாரங்களில் நான் தபால்காரியின் காலடிச் சத்தத்தைப் பழகிக்கொண்டேன். மேலே ஏறுகிறாளா, மலினோவா வீட்டோடு திரும்பிவிடுகிறாளா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். இவெதா அந்த நேரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள். கடிதம் வந்திருக்கிறதா என்று ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை.

உன் காகிதம் வியாழக்கிழமை வந்தது. அதற்கு வருவதற்கு முன் செடிகளின் கதையைச் சொல்லிவிடுகிறேன், நீ தவித்துக்கொண்டிருப்பாய்.

ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றினோம். வெளியே கடுங்குளிர், எதில் வைத்துக் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றபோது, மலினோவா தன் பிள்ளைகளுக்கு வாங்கிய பழைய தள்ளுவண்டியை நிலவறையிலிருந்து இழுத்து வந்தாள். அடியில் வெந்நீர்ப் பை, அதன்மேல் மெத்தை, அதன்மேல் உன் கள்ளிகள், மேலே போர்வை. குழந்தையை மலினோவாவிடம் விட்டுவிட்டு இவெதாதான் தள்ளினாள். ஒரு கிழவர் குனிந்து குழந்தையைக் கொஞ்சப் போனார். “தொடாதீங்க தாத்தா, கடிக்கும்” என்றாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று நடை ஆயிற்று. கடைசி நடையில் ஹோமோல்காவும் நாங்களுமாக மூவரும் முள் குத்திய விரல்களைச் சப்பிக்கொண்டு மேடேறினோம்.

உள்ளதைச் சொல்கிறேன். நீ மகரந்தம் சேர்த்து விதையெடுத்து முளைக்கவைத்த குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கொட்டகைக்குப் போகும் முன்பே அவற்றின் கழுத்து அழுகியிருந்தது. எனக்குத் தெரியாமல் போயிற்று. தகரத் தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். வெட்டிய வட்டக் கள்ளி பிழைத்துக்கொண்டது. வெட்டுவாயில் தோல் காய்ந்து இறுகிவிட்டது என்கிறார் ஹோமோல்கா. மற்றவை நலம். அவர் உன் செடிகளுக்கு ஒரு தனித் தட்டு ஒதுக்கி, ‘ரோஸ்தாவுடையவை. தும்மக்கூடக் கூடாது’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டிருக்கிறார். நீ குளியல் தொட்டியைப் பற்றிக் கேட்டதைச் சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. பிறகு, “அவன்கிட்ட சொல்லுங்க, எங்க வீட்லயே என் பொண்டாட்டி என்னை சனிக்கிழமைதான் குளிக்க விடுறா” என்றார். கிறிஸ்துமஸ் விருந்துக்கு உயிரோடு வாங்கும் கெண்டை மீனை விட்டுவைக்கவும் அவர் வீட்டுத் தொட்டியில்தான் இடம் கேட்டோம். நம் தொட்டி முழுக்கத் துணி ஊறிக்கொண்டிருந்தது.

அறையைக் காலி செய்த அன்று சன்னலுக்குக் கீழே சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைப் பார்த்தோம். தட்டுகள் மறைத்திருந்தன. இவெதா சலவைச் சோடாத் தண்ணீரில் சுரண்டித் தேய்த்துச் சுண்ணாம்படித்தாள். நிலவறையிலிருந்து அவள் கட்டிலைத் தூக்கி வந்து பூட்டினோம். ஒரு திருகாணி காணவில்லை. உன் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். அந்த இருமல் ஜனவரியில் இன்னும் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை போல இல்லை. இப்போது இவெதாவுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது, பதறுவதில்லை. பதறுவது நான்தான்.

உன் காகிதத்துக்கு வருகிறேன். முதலில் உறையைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. ஒரே தாள். ‘அன்புள்ள லிபுஷே’ என்று ஆரம்பித்து அடுத்த வரியிலேயே, ‘சின்ன அறைக்கு’ என்று கோடு போட்டிருக்கிறாய். ரேடியேட்டரைப் பாதிதான் திறக்க வேண்டும், துண்டின் ஒரு நுனி தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்க வேண்டும், ஈரம் அறுபதைத் தாண்டினால் சுவரில் பூஞ்சை வரும், அதுவும் மூச்சுக்குக் கெடுதல், அதனால் காலையும் மாலையும் சன்னலைத் திற, அப்போது ‘அறையில் இருப்பவர்களை’ வெளியே கொண்டுபோ, கட்டிலை வெளிச்சுவரிலிருந்து தள்ளிப் போடு. கடைசியில், ‘இருமல் தொண்டையிலிருந்து வருகிறதா, நெஞ்சிலிருந்தா? தெளிவாக எழுது’. அவ்வளவுதான். செடிகளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அதைச் சமையலறை மேஜையில் வைத்தேன். இவெதா படித்தாள். “அம்மா, நான் இப்ப ‘அறையில் இருப்பவர்’ ஆயிட்டேன்” என்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் ஏற்கெனவே கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் துண்டின் நுனி எவ்வளவு தொங்க வேண்டும் என்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல், “அவருக்கு முட்டி வலி இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

இன்னொன்றும் எனக்குத் தெரியும். மலினோவா மாடிப்படியில் நிறுத்திச் சொன்னாள்: “உங்க வீட்டுக்காரர் முகாம் டாக்டரப் புடிச்சு வெச்சுக்கிட்டு, கொழந்தைக்கு வர்ற இருமலப் பத்தி ராத்திரி சாப்பாடு முடியற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாராம். எங்க வீட்டுக்காரர்தான் மொழிபெயர்த்தாராம். டாக்டரு பாவம், சூப்பு ஆறிப்போச்சுன்னு பொலம்பினாராம்.” நான் ஒன்றும் தெரியாதது போலத் தலையாட்டிவிட்டு மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இதை நான் இவெதாவிடம் சொல்லவில்லை. நீயே சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

உன் கேள்விக்குப் பதில்: தொண்டையிலிருந்துதான் வருகிறது, நெஞ்சில் சளி இல்லை. டாக்டர் கேட்டுப் பார்த்துவிட்டார். வயது ஆக ஆகக் குரல்வளை அகலும், தானாக விட்டுவிடும் என்கிறார். யோஹான்கா இப்போது பிடிக்காமல் உட்காருகிறாள். யார் முகம் பக்கத்தில் வந்தாலும் மூக்கைப் பிடித்துத் திருகுகிறாள். ஹோமோல்காவின் மூக்கு இரண்டு நாள் சிவந்திருந்தது. உன் மூக்கு இன்னும் பெரியது.

இவெதாவுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மார்ச் முதல் பால் பண்ணைச் சோதனைக்கூடத்தில் மதியத்துக்கு மேல் மட்டும். விட்ட தேர்வை இலையுதிர்காலத்தில் எழுத விண்ணப்பமும் போட்டிருக்கிறாள். நான் சொல்லவில்லை, அவளே போய்ப் போட்டாள். நான் பள்ளியிலிருந்து வந்து குழந்தையை வாங்கிக்கொள்வேன், அவள் கிளம்புவாள்.

நான் இப்போது எழுதப்போவதைத்தான் ஒரு வாரமாக எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் ரொட்டி வாங்கப் போனாலும், குழந்தையை உலாத்திவிட்டு வந்தாலும், வாசலில் நின்று மணியடிக்கிறாள். நான் குளித்துக்கொண்டிருந்தால் வெளியே காத்திருக்கிறாள். போன வாரம் நான் கடையில் வரிசையில் மாட்டிக்கொண்டேன். தாயும் மகளும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மலினோவா உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. “எதுக்கும்மா? இது நம்ம வீட்டு வாசல்தானே” என்றாள். அவள் போன அன்றைக்கு நீ அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட வீட்டுச் சாவி இன்னும் உன் வளையத்தில்தான் இருக்கிறது, சிரியாவில். இங்கே ட்ராம் நிறுத்தத்துக்கு எதிரே சாவி வெட்டுகிறவன் இருக்கிறான். பத்து நிமிஷ வேலை. இரண்டு தடவை அவன் கடை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் திரும்பி வந்தேன் என்று உனக்குத் தெரியும்.

அந்தச் சாவியைக் காகிதத்தில் சுற்றி, அட்டையில் கட்டி, தபாலில் போடு. கடிதம் எழுத வேண்டாம், உனக்கு அது வராது. உறையின் மேல் அவள் பெயரை மட்டும் எழுது. என் பெயர் வேண்டாம். தபால்காரி வரும்போது இந்த முறை நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன், கதவை அவளே திறக்கட்டும்.

உன் முழங்காலும், உன் மூச்சும், நீ மேலேறி இறங்கும் ஏணிகளும் பத்திரமாக இருக்கட்டும். மே மாதம் நீ விடுப்பில் வரும்போது வீட்டில் எல்லாரும் இருப்போம்.

உன் லிபுஷே